இரண்டு பக்கமும் மணி அடிக்க வேண்டும்

எங்கள் வீட்டுச் சாமான் அறையில் ஒரு றங்குப்பெட்டி இருந்தது. அதன் பின்னால், நாலடிச் சதுரமான இரண்டு பலகைகள் பழைய சாரத்தால் மூடிச் சுவரோடு சாத்தி வைக்கப்பட்டிருந்தன. எனக்கு விபரம் தெரிந்த நாள் முதல் அவை அங்கேதான் இருந்தன. சின்ன வயதில் ஒளித்துப் பிடித்து விளையாடும்போது அந்தப் பலகைக்குப் பின்னால் ஒளிந்தால், உம்மா வந்து கையைப் பிடித்து வெளியே இழுத்துவிடுவார். "அது மூத்தாப்பாட சாமான். கை வைக்கப்படாது" என்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், "கோச்சி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

2023 பெப்ரவரியில் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தேன். அதே மாதம் ராத்தாவுக்குக் கலியாணம் நிச்சயமானது. நமது பகுதி வழக்கம் உங்களுக்குத் தெரியும், வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஏறாவூரில் நாங்கள் இருக்கும் இந்த வீட்டை ராத்தாவின் பெயருக்கு எழுதி, மாப்பிள்ளை வருவதற்குள் சாமான் அறையை உடைத்து ஒரு புது அறை கட்டுவது என்று முடிவானது. மூன்று மாதத்தில் வருவதாக மேசன் சொன்னார்.

"அந்தப் பெட்டிய என்ன செய்ற?" என்று உம்மா கேட்டார்.

பெரிய மாமா யோசிக்கவே இல்லை. "பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்துடு. பலகைய அடுப்புக்கு வை" என்றார்.

மூத்தாப்பா முற்றத்துக் கதிரையில் இருந்தார். அவருக்கு 84 வயது. உம்மும்மா மௌத்தான பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டவர். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எழும்பி அஸர் தொழப் போய்விட்டார்.

அந்த மௌனத்தை நான் எனக்கு வசதியாக விளங்கிக்கொண்டேன். "எனக்குத் தாங்க மாமா, நான் அத ஓட வைக்கிறன்" என்றேன். பௌதிகவியல் படித்த பிள்ளை, பெறுபேறு வரும்வரை வேறு வேலையும் இல்லை. மாமா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மேசன் வாறதுக்குள்ள செஞ்சி முடி. இல்லாட்டி இரும்புக்காரன்தான்" என்றார்.

இந்தக் கோச்சியின் கதையை உம்மாவிடமிருந்து துண்டு துண்டாகத்தான் எடுத்தேன். மூத்தாப்பா புகையிரதத் திணைக்களத்தில் வேலை செய்தவர். அவர் 1960களில் சேர்ந்தபோது கரி எஞ்சின்களும் ஓடினவாம், கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா 1954 இல் தந்த டீசல் எஞ்சின்களும் ஓடினவாம். அந்த டீசல் எஞ்சின்களுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடா மாகாணங்களின் பெயர்கள். மூத்தாப்பா அந்தப் பெயர்களை அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களைப் போலச் சொல்வாராம்.

நமது மட்டக்களப்புப் பாதை 1928 இல் திறக்கப்பட்டது. மாகோவில் வடக்குப் பாதையை விட்டுப் பிரிந்து வரும் தண்டவாளம், கல்ஓயாச் சந்தியில் இரண்டாகி, ஒன்று திருகோணமலைக்குப் போகிறது. மற்றது பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புணானை என்று காட்டைக் கடந்து, வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர் வழியாக மட்டக்களப்புக்கு வந்து நின்றுவிடுகிறது. பாதை போடப்பட்ட காலத்தில் புணானைப் பக்கம் ஆட்களைக் கொன்று திரிந்த சிறுத்தையை 1924 இல் ஷெல்டன் ஏகர் என்பவர் சுட்டார். அதன் உடல் இன்றும் கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. இந்தக் கதையைச் சொல்லித்தான் மூத்தாப்பா உம்மாவைச் சோறு தின்ன வைப்பாராம்.

1984 இல், குவைத்தில் வேலை செய்த பெரிய மாமா முதல் விடுமுறையில் வந்தபோது ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். எல்லாரும் கசற் றெக்கோடர் என்று நினைத்தார்களாம். திறந்தால், ஹோர்ன்பி விளையாட்டு ரயில். லிவர்பூல் நகரத்து பிராங்க் ஹோர்ன்பி 1920 இல் தொடங்கிய ரயில்களின் பெயர் அது. பச்சை நிறச் சின்ன எஞ்சின், மூன்று பெட்டிகள், வட்டமாகப் பூட்டும் தண்டவாளம், மின்சாரத்தை 12 வோல்ற்றுக்குக் குறைத்துத் தரும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. தம்பிமாருக்கு என்றுதான் மாமா கொண்டுவந்தார். ஆனால் அன்று இரவு தம்பிமார் நித்திரையான பிறகும் மூத்தாப்பா அதை விட்டு எழும்பவில்லை.

அடுத்த நாள் அவர் தன் நண்பரைக் கூட்டிவந்தார். அவர் செங்கலடிப் பக்கத்துத் தமிழர், அடுத்த நிலையத்தில் வேலை செய்தவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் "ஐயா" என்பதுதான். மூத்தாப்பாவும் ஐயாவும் சேர்ந்து, புகையிரத நிலையத்துக் குவாட்டர்ஸின் பின் அறையில் இரண்டு பலகைகளைப் பிணைச்சலால் இணைத்து, அந்தச் சின்ன ரயிலுக்கு ஒரு ஊரே கட்டினார்கள். ஒரு பக்கம் ஏறாவூர் நிலையம், எதிர்ப் பக்கம் வாழைச்சேனை நிலையம். வாவிக்கு, நீல வர்ணம் பூசிய கண்ணாடி. ஓட்டமாவடிப் பாலத்துக்கு, பிஸ்கட் டின்னை வெட்டி ஈயத்தால் பற்றவைத்த தகரக் கம்பிகள். அந்த நாளில் ஓட்டமாவடி இரும்புப் பாலம் ஒன்றேதான். கோச்சியும் பஸ்ஸும் மாட்டு வண்டிலும் அதில்தான் மாறி மாறிப் போக வேண்டும். வாகனங்களுக்கு வேறு பாலம் 2010 இல்தான் வந்தது. ஆகவே பாலத்தின் மேலே தண்டவாளத்தோடு ஒரு சின்ன பஸ்ஸையும் ஒட்டி வைத்திருந்தார்கள். ஒரு மூலையில் களிமண்ணால் செய்த சிறுத்தையும் இருந்ததாம். அது புணானை.

ஒரு கணக்கை இங்கே சொல்ல வேண்டும். இந்த ரயில் உண்மையான ரயிலில் 76 இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் ஒரு கிலோமீற்றர் பாதைக்கே 13 மீற்றருக்கு மேல் இடம் வேண்டும். ஏறாவூரிலிருந்து வாழைச்சேனை வரை அளவாகக் கட்டினால் எங்கள் வீதி போதாது. அவர்களிடம் இருந்தது எட்டடி. அதற்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று இரண்டு பேரும் மாதக் கணக்கில் வாதாடினார்களாம். விளையாட்டுத் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். நமது பாதையின் அகலம் 1,676 மில்லிமீற்றர். அதை 76 ஆல் பிரித்தால் 22 வருகிறது. "இது நம்மட ரோட்ட விட ஒல்லி" என்று மூத்தாப்பாவுக்குக் கடைசி வரை ஒரு குறை இருந்ததாம்.

1990 ஜூனில் நிலைமை கெட்டது. குவாட்டர்ஸை விட்டுப் போக வேண்டி வந்தது. ஐயா ஒரு மாட்டு வண்டிலோடு வந்து, "பலகையையும் பெட்டியையும் நான் கொண்டு போய் வைக்கிறன். அமைதியானதும் எடுப்பம்" என்றாராம். மூத்தாப்பா எஞ்சினையும் பெட்டிகளையும் சீலையில் சுற்றி றங்குப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். பெட்டி ஐயாவோடு போனது. திறப்பு மூத்தாப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டில், எங்கள் ஊருக்கு என்ன நடந்தது என்பதை நான் எழுதத் தேவையில்லை. இதை வாசிக்கும் எத்தனையோ வீடுகளில் அந்த மாதத்துக்குப் பெயர்கள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் இரண்டு பெயர்கள். அதே ஆகஸ்ட் 2ஆம் திகதிதான் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. பெரிய மாமா எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஜோர்தான் வழியாக ஒரு பையோடு நாட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்தபோது அவர் சம்பாத்தியமும் இல்லை, அவர் விட்டுப்போன ஊரும் இல்லை.

அதன் பிறகு 13 வருடங்கள் மூத்தாப்பாவும் ஐயாவும் சந்திக்கவில்லை. ஏறாவூரும் செங்கலடியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். சைக்கிளில் போய் வரும் தூரம்தான். ஆனால் அந்தக் காலத்தில் அந்தத் தூரம் கொழும்பை விடக் கூட. "அவங்கட ஆக்களிட்டக் குடுத்த சாமான் திரும்பி வருமா?" என்று இங்கே மூத்தாப்பாவிடம் கேட்டார்கள். "அவங்கட சாமான ஏன் இன்னும் வெச்சிரிக்கிறாய்?" என்று அங்கே ஐயாவிடமும் கேட்டார்களாம். மூத்தாப்பா ஒரே பதில்தான் சொல்வாராம்: "அது அமானிதம்."

யுத்தத்தில் நின்றும் ஓடியும், பிறகு பல வருடங்கள் வராமலேயே போன கோச்சி, 2003 இல் மட்டக்களப்புக்குத் திரும்பி வந்தது. அந்த வருடமே ஒரு நாள், எங்கள் வாசலில் ஒரு லேண்ட்மாஸ்டர் வந்து நின்றது. ஐயா இறங்கினார். பின்னால் இரண்டு பலகைகளும் றங்குப்பெட்டியும். பூட்டு அப்படியே இருந்தது. துருப்பிடிக்காமல் வருடா வருடம் எண்ணெய் விட்டிருந்தார். உம்மா அப்போது என் ராத்தாவை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். இரண்டு ஆண்களும் வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றதைத் தான் யன்னலால் பார்த்ததாக உம்மா சொன்னார்.

ஆனால் அதற்குப் பிறகும் பெட்டி திறக்கப்படவில்லை. ஏன் என்று உம்மாவுக்கும் தெரியவில்லை. சில மாதங்களில் ஐயாவுக்குப் பாரிசவாதம் வந்தது. 2008 இல் அவர் காலமானார். 2011 ஜனவரி வெள்ளம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்து, பலகைகளின் அடியை ஒரு சாண் உயரத்துக்கு ஊற வைத்துவிட்டுப் போனது. அப்போதும் மூத்தாப்பா அவற்றை வெயிலில் காய வைத்தாரே தவிர, பெட்டியைத் திறக்கவில்லை.

இவ்வளவும் எனக்குப் பிறகுதான் தெரியும். தெரியாமலேயே தொடங்கினேன். அதுதான் என் பிழை.

திறப்பை உம்மா தந்தார். பெட்டியின் உள்ளே நப்தலின் வாசம். எஞ்சினைச் சுற்றியிருந்த சீலை உம்மும்மாவின் பழைய சேலைத் துண்டு. எஞ்சின் நல்ல நிலையில்தான் இருந்தது. ஆனால் பலகைகளைத் திருப்பியதும் மனம் சோர்ந்துவிட்டது. அடி ஓரம் வெள்ளத்தில் ஊதி, தட்டுத் தட்டாகப் பிரிந்திருந்தது. வாவிக் கண்ணாடியில் ஒரு நீள வெடிப்பு. தென்னை மரங்களை எலி அரித்திருந்தது. பாலத்தின் தகரம் முழுக்கத் துரு. ஏறாவூர் நிலையத்துக் கூரைக்குள் பல்லி முட்டைகள். களிமண் சிறுத்தையில் வாலும் இரண்டு கால்களும் மட்டும் மிச்சம்.

முதல் வேலையாக, ஈரத் துணியும் சவர்க்காரமும் எடுத்து எல்லாவற்றையும் துடைத்தேன். நமக்குத் தெரிந்த சுத்தம் அதுதானே. பலகையின் மேல்பக்கம் முடித்து, அடிப்பக்கத்தையும் நன்றாக உரசிக் கழுவினேன். கழுவி முடிக்கும் தறுவாயில்தான் பார்த்தேன், துணி கறுத்திருந்தது. அழுக்கு அல்ல, பென்சில். அடிப்பக்கத்தில் ஒவ்வொரு வயரின் பக்கத்திலும் யாரோ சின்ன எழுத்தில் ஏதோ எழுதியிருந்திருக்கிறார்கள். ஒரு மூலையில் "ணி" என்ற ஒரு எழுத்து மட்டும் தப்பியிருந்தது. மற்றதெல்லாம் என் கையால் போய்விட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. வேலையால் அதைச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். தண்டவாளத்தின் மேல்பக்கம் உப்புக் காற்றில் கறுத்திருந்தது. பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்து, பாமசியில் வாங்கிய ஸ்பிரிட்டால் துடைத்தேன். மணல் தாள் போடக்கூடாது, கீறல்களில் அழுக்கு மறுபடியும் பிடிக்கும் என்பதை இணையத்தில் பார்த்துப் படித்துக்கொண்டேன். எஞ்சினைக் கழற்றினேன். பற்சக்கரங்களுக்கு இட்ட எண்ணெய் இத்தனை வருடத்தில் இறுகிப் பிசின் போல ஆகியிருந்தது. பல் குத்தும் குச்சியால் ஒவ்வொரு பல்லாகச் சுரண்டினேன். மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் இரண்டு சின்னக் கரித் துண்டுகள் உண்டு. அவை தொடும் செம்பு வளையத்தைத் துடைத்து, இரண்டு வயர்களைத் தொட்டதும், சில்லு "விர்" என்று சுற்றியது. இரவு 11 மணிக்கு நான் போட்ட சத்தத்தில் வாப்பா எழும்பி வந்துவிட்டார்.

இப்போது மிச்சம் வயர்கள்தான். பலகைகளைப் பிரித்தபோது 1990 இல் கழற்றிய 12 முனைகள் அடியில் தொங்கிக்கொண்டிருந்தன. நிறமெல்லாம் மங்கி ஒரே மண்ணிறம். தண்டவாளத்துக்கு வேண்டியது கணக்குப்படி இரண்டு வயர்தான். ஒரு தண்டவாளத்துக்கு நேர், மற்றதுக்கு மறை. இணைப்புத் தகடுகளில் துரு ஏறினால் மின்சாரம் தூரத்துக்குப் போகாது என்பதால் நாலு இடத்தில் கொடுத்திருப்பார்கள். அப்படியென்றால் எட்டு. மற்ற நாலும் எதற்கு? எழுத்து இருந்திருந்தால் தெரிந்திருக்கும். நான் ஊகித்துப் பூட்டினேன். சுவிச்சைப் போட்டதும் கட்டுப்பாட்டுப் பெட்டி உறுமியது, சூடேறியது, தானாக நின்றது. குறுஞ்சுற்று. மறுபடியும் மாற்றினேன். மறுபடியும் அதே உறுமல்.

சத்தம் கேட்டு மூத்தாப்பா வந்தார். ஒரு மாதமாக அந்த அறைப் பக்கம் எட்டியும் பார்க்காதவர். நிமிர்த்தி வைத்திருந்த பலகையின் அடிப்பக்கத்தைத் தன் விரலால் தடவினார்.

"இதுல எழுத்து இரிந்துச்சே புள்ள?"

"அழுக்கெண்டு நெனச்சிக் கழுவிட்டன் மூத்தாப்பா."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "அது அவர்ர கையெழுத்து" என்று மட்டும் சொன்னார். பிறகு மெதுவாகக் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். மூன்று நாட்கள் என்னோடு பேசவில்லை.

மேசன் வருவதற்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. இரும்புக்காரனிடம் கொடுத்துவிடலாம் என்று நானே உம்மாவிடம் சொன்னேன். உம்மா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அபாயாவைப் போட்டார். "எழும்பு. செங்கலடிக்குப் போவம்" என்றார்.

ஐயாவின் மகள் ஒரு ஆசிரியை. உம்மாவை விட இரண்டு வயது இளையவர். எங்களைக் கண்டதும் உம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். தேத்தண்ணி வருமுன்னே நான் என் பிழையைச் சொல்லிவிட்டேன். ரீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அப்பா எழுதினது எண்டு எங்கட வீட்டிலயும் ஒண்டும் இல்ல பிள்ள. நாங்க ரெண்டு தரம் ஓடினனாங்க. ரெண்டு தரமும் அவர் வண்டில்ல முதல்ல ஏத்தினது உங்கட பெட்டியத்தான். எங்கட அல்பம் விடுபட்டுட்டு."

எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை.

"அந்த வயர் பூட்டக்குள்ள நான்தான் டோர்ச் பிடிச்சிக்கொண்டு நிண்டனான்" என்று ரீச்சர் தொடர்ந்தார். "எனக்குப் பத்து வயசு. கை நோகும். கீழ போட்டா ஏச்சு விழும். வெளி ஓரத்து வயர் எல்லாம் ஒண்டு, வாவிப் பக்கத்து வயர் எல்லாம் ஒண்டு எண்டு அப்பா சொல்லிக்கொண்டே பூட்டுவார். ஆனா அதில நாலு வயர் கோச்சிக்கு இல்ல பிள்ள. மணிக்கு."

தப்பியிருந்த அந்த "ணி" அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மணியைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். நமது பாதை ஒற்றைத் தண்டவாளம். ஒரே தண்டவாளத்தில் இரண்டு பக்கமிருந்தும் கோச்சி வரும். மோதாமல் இருக்க என்ன செய்வது? பக்கத்துப் பக்கத்து இரண்டு நிலையங்களிலும் ஒன்றோடொன்று இணைந்த இரண்டு கருவிகள் இருக்கும். உள்ளே வட்டமான உலோகத் தகடுகள். அதைத் தெப்லட் என்பார்கள். இந்த நிலையம் மணி அடித்துக் கேட்க வேண்டும். அந்த நிலையம் மணி அடித்துச் சம்மதிக்க வேண்டும். அந்தப் பக்கம் சம்மதித்தால்தான் இந்தப் பக்கம் ஒரு தகடு வெளியே வரும். ஒன்று வெளியே இருக்கும்வரை இரண்டு பக்கமும் இன்னொன்று வராது. அந்தத் தகட்டைக் கையில் வாங்காமல் சாரதி அடுத்த நிலையத்துக்குப் புறப்பட முடியாது.

மூத்தாப்பாவும் ஐயாவும் பல வருடங்கள் ஒருவருக்கொருவர் முகம் காணாமல், மணிச் சத்தத்தால் பேசிக்கொண்டவர்கள். ஒருவர் சொல்லை மற்றவர் நம்பித்தான் நூற்றுக்கணக்கான சனங்களை அந்த ஒற்றைத் தண்டவாளத்தில் அனுப்பினார்கள். விளையாட்டு ரயிலிலும் அதை அவர்கள் விடவில்லை. பலகையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மணி, ஒவ்வொரு பொத்தான், இரண்டு டோர்ச் பற்றரி. அந்த மணி வயரைத்தான் நான் தண்டவாளத்தில் பூட்டியிருந்தேன்.

"அப்பாவும் உங்கட மூத்தாப்பாவும் பெட்டி திரும்பி வந்த அண்டைக்கு ஒரு கதை பேசினவங்க" என்றார் ரீச்சர், நாங்கள் எழும்பும்போது. "ஒரு நாள் ரெண்டு பேரும் சேந்துதான் திறக்கிற, சேந்துதான் ஓட்டுற எண்டு. பிறகு அப்பாவுக்குக் கை வழங்காமப் போச்சு. 'கை சரிவரட்டும், வாறன்' எண்டு சொல்லிக்கொண்டே இருந்தார்."

ஓட்டோவில் திரும்பி வரும்போது உம்மாவும் நானும் ஒன்றும் பேசவில்லை. மூத்தாப்பா ஏன் பெட்டியைத் திறக்கவில்லை என்பது இருபது வருடம் கழித்து எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்து மணி அடிக்கவில்லை. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மூத்தாப்பாவின் முன்னால் இருந்து மன்னிப்புக் கேட்டேன். கழுவியதற்கு மட்டுமல்ல, கேட்காமல் திறந்ததற்கும். ரீச்சர் சொன்னதையும் சொன்னேன். அவர் நெடுநேரம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் புள்ளைய வரச் சொல்லு. டோர்ச் புடிச்ச புள்ள" என்றார்.

அடுத்த நாலு வாரம் எங்கள் வீட்டில் நடந்தது வேறு வேலை. மூத்தாப்பா கதிரையைச் சாமான் அறைக்குள் போடச் சொன்னார். எது திருத்த வேண்டும், எது விட வேண்டும் என்று அவரே சொன்னார். ஊதிப்போன பலகை ஓரத்தை அறுத்துவிட்டுப் புதுச் சட்டம் அடித்தோம். வெடித்த கண்ணாடியை மாற்றவா என்று கேட்டேன். "வேணா. வெள்ளம் வந்தது உண்மதானே" என்றார். பாலத்தின் துருவைச் சுரண்ட விடவில்லை. சுரண்டினால் ஐயாவின் ஈயப் பற்று விட்டுவிடும் என்றார். மெல்லிய எண்ணெய் மட்டும் பூசினோம். சிறுத்தையை ராத்தா புதிதாகச் செய்தார், அது பூனை போலத்தான் வந்தது. பழைய வயர்கள் தொட்டாலே உதிர்ந்தன. ஒரு நாள் பெரிய மாமா பட்டணத்திலிருந்து வரும்போது, கேட்காமலே, இரண்டு நிறத்தில் புது வயரும் ஒரு சுருள் ஈயமும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "குவைத்திலரிந்து நான் கொண்டுவந்ததுல மிஞ்சினது இது ஒண்டுதான்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். அதன் பிறகு அவர்தான் தினமும் முதலில் வந்து நின்றார்.

ஓட்டிய நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரீச்சர் தன் மகனோடு வந்திருந்தார். கையில் பால்கோவா. மூத்தாப்பா ஏறாவூர்ப் பக்கம் இருந்தார். ரீச்சரை வாழைச்சேனைப் பக்கம் இருக்கச் சொன்னார். நான் கட்டுப்பாட்டுப் பெட்டியில் கை வைத்துத் திருப்பப் போனேன்.

"பொறு" என்றார் மூத்தாப்பா.

நடுங்கும் விரலால் பொத்தானை அழுத்தினார். எதிர்ப் பக்கத்தில் மணி சிணுங்கியது. இரண்டு தரம், ஒரு இடைவெளி, பிறகு ஒரு தரம். ரீச்சர் ஒரு நிமிடம் தடுமாறினார். பிறகு, டோர்ச் பிடித்துக்கொண்டு நின்ற காலத்தில் கேட்டது நினைவு வந்ததோ என்னவோ, அதையே அப்படியே திருப்பி அடித்தார். எங்கள் பக்கத்து மணி சிணுங்கியது. மூத்தாப்பா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

பச்சை எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்பட்டது. வாவிக் கரையால் போய், பாலத்தில் ஏறியதும் நின்றுவிட்டது. எல்லாருக்கும் மூச்சு நின்றது. பெரிய மாமா குனிந்து ஒரு இணைப்புத் தகட்டை நகத்தால் நெரித்தார். எஞ்சின் மறுபடியும் நகர்ந்தது. பாலத்தைக் கடந்தது, பூனைச் சிறுத்தையைக் கடந்தது, வாழைச்சேனையில் போய் நின்றது. ரீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மூத்தாப்பா கையில் இல்லாத கடிகாரத்தைப் பார்ப்பது போல மணிக்கட்டைப் பார்த்தார். "முப்பத்துமூணு வருசம் லேட்டு" என்றார். உம்மும்மா மௌத்தான பிறகு அவர் சொல்லி நாங்கள் கேட்ட முதல் பகிடி அது.

மேசன் வந்தார். சாமான் அறை உடைந்து புது அறை ஆனது. பெரிய மாமா நின்று, சாலையின் சுவரில் இரண்டு இரும்புத் தாங்கிகள் வைக்கச் சொன்னார். பலகைகள் இப்போது அங்கே, வெள்ளம் வந்தாலும் எட்டாத உயரத்தில் இருக்கின்றன. ராத்தாவின் மாப்பிள்ளை வெள்ளிக்கிழமைகளில் மூத்தாப்பாவுக்கு அதை இறக்கிக் கொடுக்கிறார். செங்கலடியிலிருந்து ரீச்சரின் மகன் வரும் நாட்களில்தான் கோச்சி ஓடும். மற்ற நாட்களில் நாங்கள் எவ்வளவு கேட்டாலும், "அந்தப் பக்கம் ஆள் இல்லியே" என்பார்.

பலகையின் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு வயரின் பக்கத்திலும் மறுபடியும் பெயர் எழுதினோம். எட்டை நான் எழுதினேன். மணி வயர் நாலையும் ரீச்சரை எழுதச் சொன்னேன். தப்பியிருந்த "ணி"யை நாங்கள் தொடவில்லை. அதன் முன்னால் "ம" போடவா என்று ரீச்சரின் மகன் கேட்டான். வேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.